கோப்பாயில் நடக்காத செத்தவீடு

சென்ற மாதம் தர்சிகா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்று வரும்போது என் மேசையையும், திறப்பைப் போட்டுத் திருப்பினால் திறக்காமல் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் திறக்கும் அலுமாரியையும் அவளிடம்தான் ஒப்படைத்தேன். திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறதாம். சொந்தத் தொழில் தொடங்கக் கடன் கேட்பவரின் வீட்டுக்கு இனி ஒருவரும் போகத் தேவையில்லை. அவர் தன் கைத்தொலைபேசியில் சில கேள்விகளுக்குப் பதில் அழுத்துவார். கடைசியில் பச்சை வட்டம் வந்தால் அவர் தயார். சிவப்பு வட்டம் வந்தால் தயாரில்லை.

"அந்தக் காலத்திலை நீங்கள் எல்லாம் என்னெண்டு மிஸ் முடிவெடுத்தனீங்கள்? வட்டம் இல்லைத்தானே" என்று கேட்டாள்.

நான் ஓய்வு பெற்று ஒரு மாரிகூட முழுதாகக் கழியவில்லை. அதற்குள் நான் அந்தக் காலமாகிவிட்டேன்.

அவள் அனுப்பிய கேள்விகளை உட்கார்ந்து ஒழுங்காக நிரப்பினேன். எனக்குப் பச்சை வட்டம் வந்தது. நான் ஒரு தொழிலும் தொடங்கும் எண்ணத்தில் இல்லை. பிறகு என் கணவரைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் நிரப்பினேன். தேங்காய் வாங்க அனுப்பினால் கடைக்காரருக்கு நேரம் சரியில்லை என்று அவருடைய சாதகத்தை வாங்கிக்கொண்டு வருகிற மனிதர் அவர். அவருக்கும் பச்சை. மூன்றாவதாக, நான் பார்த்த விண்ணப்பதாரர்களுள் என் மனத்தைவிட்டுப் போகாத ஒருவரை நினைத்து, அவர் அன்றைக்கு என்ன பதில் சொல்லியிருப்பாரோ அதையே அழுத்தினேன். கோப்பாய் யோகநாதனுக்குச் சிவப்பு வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தர்சிகாவும் அவளுடைய தோழிகளும் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைக்கலாம். தட்டித்தான் திறக்க வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வகுப்பறையில் இருத்தி, இலாபம் என்றால் என்ன, நட்டம் என்றால் என்ன என்று சொல்லித் தந்தார்கள். இரண்டும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அதன்பிறகு என்னைக் களவிசாரணைக்கு இராசநாயகம் சேரோடு அனுப்பினார்கள். மெய்யான பயிற்சி அதுதான்.

சேர் வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளை நீளக்கைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு கறுத்தக் குடை. மழையிலும் அந்தக் குடை விரிந்ததை நான் கண்டதில்லை. விரித்தால் நனைந்துவிடும் என்பார். முகம் எப்போதும் ஒரு துக்கச் செய்தியைச் சொல்ல வந்தவருடைய முகம் மாதிரி இருக்கும். சந்தோசமான நாட்களில் அது இன்னும் கூடும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

விண்ணப்பதாரரைச் சோதிக்க அவரிடம் இரண்டு முறைகள் இருந்தன.

முதலாவது தேத்தண்ணி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்பார். அது முறை. வீட்டுக்காரர் அதைக் காதில் போடாமல் ஊற்றிக்கொண்டு வருவார். அதுவும் முறை. வந்தவர், "ஏன் வீண் கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் குடிப்பார். சேர் மட்டும் வேண்டாம் என்றால் மெய்யாகவே வேண்டாம். வேண்டாம் என்ற பிறகும் கொண்டுவந்து நீட்டுபவர், வாங்க வந்தவர் சொல்வதைக் கேளாதவர் என்பது அவருடைய கணிப்பு. வேண்டாம் என்றதும் பேசாமல் விட்டுவிடுபவரின் கடைக்கு ஒருவரும் இரண்டாம் முறை போக மாட்டார்கள். "ஏன் சேர், சீனி வருத்தமோ? கோப்பி தரட்டோ?" என்று கேட்பவரைக் கண்டால் மட்டும் சேரின் புருவம் ஒருமுறை மேலே போய் இறங்கும்.

"கேள்வி கேக்கத் தெரிஞ்சவன்தான் பிள்ளை முதலாளி. மற்றவை எல்லாம் உபசாரம்" என்பார்.

இரண்டாவது முறை சும்மா இருத்தல். விண்ணப்பதாரர் எதை விற்கப் போகிறாரோ அதைச் சேர் தானே பாவித்துப் பார்ப்பார். பாவிக்கும்போது ஒரு சொல்லும் பேச மாட்டார். பேசினால் அதிகாரி, பேசாவிட்டால்தான் வாடிக்கையாளர் என்பது விளக்கம். ஒருமுறை அடுத்தடுத்து மூன்று பேர் சலூன் தொடங்கக் கேட்டிருந்தார்கள். மூன்று பேரிடமும் சேர் தலையைக் கொடுத்தார். மூன்றாவது ஆளுக்கு வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை, பாவம், காதைச் சுற்றிக் கத்தரியைச் சும்மா ஆட்டிக்கொண்டு நின்றார். வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளி தொடங்க விரும்பிய ஒருவர் எங்களைக் காரில் ஏற்றி, பேச்சு மும்முரத்தில் வயலுக்குள் இறக்கிவிட்டார். நெற்கதிர்கள் கண்ணாடியில் உரசின. சேர் அப்போதும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டது நான்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வெளியே ஒழுங்கையில் நடக்கும்போது, "என்ன பிள்ளை, தயாரோ?" என்று கேட்பார். படிவத்தின் அடியில் இரண்டே பெட்டிகள். ஒன்று "தயார்", மற்றது "இப்போதைக்கு இல்லை". ஒன்றில் சரி போட வேண்டும். சில வருடம் அவர் போட்டார், நான் பார்த்தேன். யோகநாதனின் விண்ணப்பம் வந்த அன்று படிவத்தை என்னிடம் தந்து, "இதிலை இருந்து நீர் போடும்" என்றார். ஆகவே யோகன்தான் என் பேனாவுக்கு வந்த முதல் ஆள்.

யோகன் கோப்பாயில் ஒரு பந்தல்காரரிடம் வேலை செய்தார். கலியாணவீடு, செத்தவீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் தகரப் பந்தலும் பிளாஸ்ரிக் கதிரைகளும் வாடகைக்குக் கொடுக்கிற தொழில். கதிரைகளை லாண்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிப்போய் இறக்குவது, அடுக்குவது, திரும்ப ஏற்றுவது யோகனின் வேலை. அதில் அவருக்கு ஈடாக ஒருவரும் இல்லை. முற்றத்தைப் பார்த்த உடனேயே எந்த மாமரத்தடியில் எத்தனை வரிசை பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். சமையலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார், ஒலிபெருக்கி கட்டுவார், ஐயருக்கு ஓட்டோ அனுப்புவார், அழுகிற வீட்டில் சோடா உடைத்துக் கொடுப்பார். இவையெல்லாம் சும்மா.

அவரால் முடியாத வேலை ஒன்றே ஒன்று. வாடகையைக் கேட்பது. செத்தவீட்டில் கேட்பது பாவம் என்பார். கலியாணவீட்டில் கேட்பது அபசகுனம் என்பார். பிறந்தநாள் வீட்டில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை என்பார். முதலாளி அதற்கென்று தனியாக ஒரு ஆளை வைத்திருந்தார். இந்த விவரத்தை முதலாளியே எங்களுக்குச் சொன்னார். "நல்ல மனிசன், உங்கடை கடன் தப்பாது. ஏனெண்டால் அது திரும்பி எங்கையும் போகாது" என்றார்.

விசயம் இத்தோடு நின்றிருந்தால் நான் வீட்டிலிருந்தே இரண்டாவது பெட்டியில் சரி போட்டிருப்பேன். ஆனால் யோகன் வேலையை விடுவதாக முதலாளிக்குச் சொல்லியாகிவிட்டது. அவருடைய இடத்துக்கு வேறொருவர் வரவும் தயார். மனைவி வதனியின் தாலிக்கொடி அடகுக்குப் போய், அதற்கு முதல்தொகுதிக் கதிரைகள் வந்து இறங்கிவிட்டன. எங்கள் கடன் கிடைத்தால் பந்தல் தகரமும் பழைய லாண்ட்மாஸ்ரர் ஒன்றும் வாங்கித் தொழிலைத் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, கொடியும் இல்லை, வீட்டில் இருப்பதற்குக் கதிரைகள் மட்டும் தாராளமாக இருக்கும்.

நாங்கள் போனபோது யோகன் ஒரு பெரிய ஏற்பாடு செய்திருந்தார். அதிகாரிகள் பொருளைப் பாவித்துப் பார்ப்பார்களாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனவே, புதுக் கதிரைகள் அத்தனையையும் முற்றத்தில் வரிசையாகப் போட்டிருந்தார். வெயிலுக்கு மறைப்பாக வாசல் படலையடியிலிருந்து மாமரம் வரை ஒரு வெள்ளைச் சீலை கட்டியிருந்தார். கதிரைகளும் வெள்ளை.

சேர் முன்வரிசையில் நடுக் கதிரையைத் தெரிந்தெடுத்து இருந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி, கைகளை அதன்மேல் வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். சும்மா இருத்தல் தொடங்கியது. நான் பக்கத்தில் இருந்தேன். நான் அன்று உடுத்திருந்தது வெளிறிய நீலச் சீலை. யோகன் எங்களுக்கு முன் நிற்கப் பயந்து படலையடியில் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கடன் கிடைக்குமோ என்ற கவலையில் இரவு நித்திரை இல்லை, முகம் வீங்கியிருந்தது.

இதையெல்லாம் ஒழுங்கையில் சைக்கிளில் போன சின்னத்துரை பார்த்தார். அவர் மூன்று வளவு தள்ளி இருப்பவர், யோகனுக்குத் தூரத்து உறவு. யோகனின் தாய் பொன்னம்மாவை அதற்கு முதல் கிழமைதான் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். அது ஊருக்குத் தெரியும்.

சின்னத்துரை சைக்கிளை வேலியில் சாத்தினார். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தார். நேரே வந்து யோகனின் கையைப் பற்றினார். புதுக் கதிரைகளைப் பார்த்து வாழ்த்த வந்திருக்கிறார் என்று யோகன் நினைத்தார். இருவரும் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"என்ன தம்பி, இப்பிடித் திடீரெண்டு?"

"இல்லையண்ணை, கனநாளா யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள்."

சின்னத்துரை ஒருகணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துக்கத்தில் மனிதர் எதுவும் பேசுவார் என்று எடுத்துக்கொண்டார்.

"எப்ப எடுக்கிறியள்?"

"அதை அந்தச் சேர்தான் சொல்லவேணும். அவர் ஓமெண்டால் நாளைக்கே எடுத்திடலாம்."

"நாளைக்கோ? கனடாவிலை இருக்கிற உன்ரை அக்காவுக்குச் சொல்லியாச்சோ?"

"சொல்லேல்லையண்ணை. சொன்னால் வேண்டாமெண்டு நிப்பா. எல்லாம் முடிஞ்சாப் பிறகு ஒரு போட்டோ அனுப்புவம்."

சின்னத்துரை வேறொன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டு தொலைபேசியை எடுத்து, வாயைத் துவாயால் மறைத்தபடி யாருக்கோ பேசினார்.

அதன்பிறகு ஒழுங்கையில் சைக்கிள் மணிச் சத்தம் ஓயவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மண்வெட்டியை வேலியோரம் சாத்திவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவராக வந்து யோகனின் கையைப் பிடித்துவிட்டுக் கதிரையில் இருந்தார்கள். ஒருவர் பத்திரிகையும் கொண்டுவந்திருந்தார். அதன் நடுப்பக்கம் ஒருவரிடமும் விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடமும் போனது. நான் அப்போதும் ஒன்றும் விளங்காமல், இவருக்கு ஊரில் எவ்வளவு ஆதரவு என்று வியந்துகொண்டிருந்தேன். படிவத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. "மிக நன்று" என்று எழுதினேன்.

பெண்கள் வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர்கள் படலையைத் திறக்கும்போதே அழுதுகொண்டு வந்தார்கள்.

வதனி பின்பக்கம் குசினியில் மாமியோடு நின்று எங்களுக்காக வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டு மாக்கையோடு ஓடிவந்தாள். வந்தவர்கள் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். அயலில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது, தன்னிடம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவளும் அழத் தொடங்கினாள். யார் செத்தது என்று அவள் கேட்கவில்லை. இதை வெளியூர் ஆட்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் அழுகிறவரிடம் யாருக்கு என்று கேட்கும் வழக்கம் இல்லை. தெரிந்துதான் வந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் அது குறை, அந்தக் குறையைப் பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை சொல்லிக் காட்டுவார்கள். எனவே முற்றத்தில் அழுதவர்களும், இருந்தவர்களும், நின்றவர்களும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்காமல் தொடர்ந்து துக்கம் காத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் மெல்லச் சரிந்து, "பிள்ளை, நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கத்தாலையோ?" என்றார்.

"இல்லை ஐயா, கடன் சங்கத்தாலை."

அவர் திடுக்கிட்டு அந்தப் பக்கம் இருந்தவரிடம், "கடன்காரர் இண்டைக்கே வந்திட்டினம்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது.

அப்போது குசினிப் புகை கூரைக்கு மேலே எழும்பியது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயல்வீட்டிலிருந்துதான் தேத்தண்ணி வரும். புகையைப் பார்த்த வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கொஞ்ச நேரத்தில் வடை மணமும் வந்தது.

"பிரேதம் உள்ளை கிடக்க வடை சுடுகினம்" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கனடாவுக்கும் சொல்லேல்லையாம்" என்றார் சின்னத்துரை. "உதிலை என்னவோ கிடக்கு."

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேரின் பக்கம் திரும்பி, "சேர், இவை செத்தவீடெண்டு நினைக்கினம்" என்றேன். சேர் அசையவில்லை. சும்மா இருத்தல் நடந்துகொண்டிருந்தது. யோகனைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் நிறம் மாறிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. இவ்வளவு தூரம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களிடம் ஒருவரும் சாகவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தவித்தார் போலும். அதற்குப் பதிலாக, நின்றுகொண்டிருந்த இருவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். நான் பேனாவை எடுத்து, இரண்டாவது பெட்டிக்கு மேலே பிடித்தேன்.

அந்த நேரம் பொன்னம்மா வடைத்தட்டோடு முற்றத்துக்கு வந்தார்.

அழுகை அறுந்துபோனது. பத்திரிகை கீழே விழுந்தது. பொன்னம்மா சனத்தைப் பார்த்தார், வெள்ளைச் சீலையைப் பார்த்தார், அழுத கண்ணோடு நின்ற மருமகளைப் பார்த்தார்.

"ஆர் மோனை செத்தது?"

கடைசியில் சின்னத்துரை எழுந்து, துவாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார். "நீங்கள்தான் மாமி."

"எப்ப?"

"சரியா விளங்கேல்லை மாமி. நான் வரேக்கை ஒழுங்கெல்லாம் செய்து கிடந்தது."

பொன்னம்மா தட்டை முன்வரிசைக் கதிரையில் வைத்தார். யோகன் அப்போதுதான் ஓடிவந்து, கடன், கதிரை, சங்கம் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தார். முற்றம் கொஞ்ச நேரம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாக்குவாதம் தொடங்கியது. செத்தவீட்டுக்குப் போனால் தலைமுழுகித் தோயாமல் வீட்டுக்குள் போக முடியாது. இப்போது தோய வேண்டுமா, வேண்டாமா?

"செத்தவீடெண்டு நினைச்சு வந்தால் துடக்குத்தான்" என்றார் பத்திரிகை கொண்டுவந்தவர்.

"ஆள் முன்னாலை நிண்டு வடை தாறா. என்ன துடக்கு?"

"எனக்குத் தடிமன், மூக்காலை ஓடுது. நான் தோயமாட்டன்."

"அழுத ஆக்கள் தோயட்டும், சும்மா இருந்த ஆக்கள் கால் கழுவினால் காணும்" என்று ஒரு பெண் தீர்ப்புச் சொன்னார். அவர் அழாதவர்.

பொன்னம்மாவுக்கு இதில் அக்கறை இல்லை. அவர் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு போனார். "நடேசு எங்கை?" என்றார். நடேசர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி.

"தண்ணி இறைச்சுப்போட்டு வாறனெண்டவர்" என்றார் ஒருவர்.

"என்ரை செத்தவீட்டுக்கோ?"

"ஓம்."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்காக நடேசர் பிறகு நெடுநாள் கஷ்டப்பட்டார் என்று கேள்வி. பொன்னம்மா வேலியோரம் நின்றவர்களைச் சுட்டிக் காட்டி மகனிடம் திரும்பினார்.

"நான் செத்தால் சனம் நிக்கிறதோ? உந்தக் கதிரை காணாது."

"அம்மா, உள்ளை போங்கோ."

பொன்னம்மா உள்ளே போகவில்லை. மடிச் செருகலை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இந்தா, அச்சவாரம். என்ரை செத்தவீட்டுக்கு உன்ரை கதிரைதான். முதல் ஓடர் என்ரை."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அம்மா. உங்களிட்டைக் காசு வாங்கிறதோ?"

"அப்ப எனக்குச் சும்மாவோ?"

"வேறை என்ன?"

முற்றத்தில் உடனே ஒரு மாற்றம் தெரிந்தது. தோய்வதைப் பற்றிப் பேசியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மாமிக்குச் சும்மாவெண்டால் எனக்கும் சும்மாதானே தம்பி" என்றார் சின்னத்துரை. "நான் மருமேன் முறை."

"எங்களுக்கும் யோகன் அப்பப்பா வழியிலை சொந்தம்" என்றார் பத்திரிகைக்காரர்.

"வதனி எனக்கு மச்சாள்" என்றாள் தீர்ப்புச் சொன்ன பெண்.

சொந்தம் கேட்டு இத்தனை பேர் ஒரே நேரத்தில் எழும்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சிறிது நேரத்தில் அந்த முற்றத்தில் யோகனுக்கு உறவில்லாதவர்கள் சேரும் நானும் மட்டும்தான். சேருக்கும் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஏதும் தொடுசல் உண்டோ என்று ஒருவர் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

யோகன் கதிரைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். பிறகு வதனியைப் பார்த்தார். அவள் அழுத கண்ணோடும் மாக்கையோடும் நின்றாள். கொடி இல்லாத கழுத்தை மறைக்கச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்தாள். பொன்னம்மாவின் கை தாளோடு நீட்டியபடியே நின்றது.

"என்ரை செத்தவீட்டுக்கு நான் கடன்படமாட்டன். வாங்கிறியோ, இல்லாட்டில் உன்ரை முதலாளியிட்டைச் சொல்லட்டோ? அவன் வாங்குவான்" என்றார்.

சேர் அன்று முதல் தடவையாகத் தலையைத் திருப்பினார்.

யோகன் சாரத்தில் கையைத் துடைத்தார். துடைத்த கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். தாள் கைமாறியது. அதைப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய குரலில் கேட்டார்.

"எத்தினை கதிரை அம்மா?"

"நடேசையும் சேத்து எண்ணு" என்றார் பொன்னம்மா.

"பந்தலும் வேணுமோ?"

"மாரியெண்டால் வேணும். கோடையெண்டால் மாமரம் காணும். வீணாக் காசு பிடுங்காதை."

நான் சேரைப் பார்த்தேன். அவருடைய புருவம் மேலே போய் இறங்கியது. அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுபோல உடனே முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். முடிவு என்னுடையது. இரண்டாவது பெட்டிக்கு மேலே பிடித்திருந்த பேனாவை முதலாவது பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சரி போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், "தாயிடம் முற்பணம் வாங்கினார், எத்தனை கதிரை என்றும் கேட்டார்" என்று எழுதினேன். தலைமைக் காரியாலயத்திலிருந்து இதற்கு விளக்கம் கேட்டு வந்தது. சேர் குடையை ஊன்றிக்கொண்டு நேரில் போய் விளக்கினார். என்ன சொன்னாரோ தெரியாது, கடன் வந்தது.

சின்னத்துரை அன்று போகும்போது யோகனிடம், மகளின் பூப்புனித நீராட்டுக்குக் கதிரை என்ன விலை என்று கேட்டார். யோகன் சொன்னார். சின்னத்துரை, "சொந்தத்துக்குமோ?" என்றார். யோகன், "அம்மாவுக்கே அதுதானண்ணை" என்றார். அதற்குப் பிறகு கோப்பாயில் எவராலும் சொந்தம் கொண்டாட முடியவில்லை. தாய்க்கு மேலே சொந்தம் காட்ட ஒருவருக்கும் வழி இல்லை.

ஒழுங்கைக்கு வந்தபோது நான் சேரிடம், ஏன் முதலிலேயே எழும்பி உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சனம் கதிரையிலை இருந்தது பிள்ளை. நல்ல பாரமான ஆக்களும் இருந்தவை. ஒரு கதிரையும் உடையேல்லை. அதைப் பாக்காமல் எழும்பிறதோ?" என்றார். பிறகு கொஞ்சத் தூரம் நடந்து, "நீர் தோயப் போறீரோ?" என்று கேட்டார்.

நான் தோய்ந்தேன். சந்தேகம் இருந்தால் செய்துவிடுவது நல்லது.

தர்சிகாவின் கேள்விகளை நிரப்பி யோகனுக்குச் சிவப்பு வந்த மறுநாள் எனக்கு மனம் கேட்கவில்லை, பஸ் ஏறிக் கோப்பாய்க்குப் போனேன். யோகனிடம் இப்போது சொந்தமாகப் பந்தல், லாண்ட்மாஸ்ரர், வேலைக்கு ஆட்கள் எல்லாம் உண்டு. வதனியின் கழுத்தில் கொடி திரும்பி வந்து, வடிவாகக் கனமாகக் கிடக்கிறது. வாடகை கேட்பது இப்போது வதனி. நயமாகக் கேட்கிறாள், ஆனால் இரண்டு தரம் கேட்பதில்லை. வெள்ளைச் சீலையை மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் வெளியே கட்டுவதில்லை.

பொன்னம்மா மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். தேத்தண்ணி தரட்டோ என்றார். வேண்டாம் என்றேன். "ஏன், என்ன வருத்தம்?" என்றார். எனக்கு என்னையறியாமல் புருவம் ஏறி இறங்கியது.

அவருடைய ஓடர் இன்னும் நிலுவையில் இருக்கிறது. கொட்டிலின் ஒரு மூலையில் அவருக்கென்று ஒதுக்கிய கதிரைகள் தனி அடுக்காக நிற்கின்றன. முற்பணம் வாங்கிய கதிரைகளை, வாங்கியவரைக் கேளாமல் யோகன் வேறு இடத்துக்குக் கொடுக்க மாட்டார். அது தொழில் ஒழுங்கு. பெரிய கலியாணம் வந்து கதிரை போதாமல் போனால், தாயிடம் அனுமதி கேட்க வேண்டும்.

நான் அங்கே இருக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கலியாணம், யோகனிடம் இருக்கிற கதிரை முழுவதும் வேண்டுமாம். யோகன் தொலைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து கேட்டார்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எண்ணம் ஏதும் இருக்கோ?"

பொன்னம்மா கண்ணை மூடி, மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பார்த்தார்.

"சனிக்கிழமை கேள், சொல்லுறன்."